படம் வரையாமல் நீர்வண்ணம் பழகுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

நீர்வண்ணப் பெட்டி வாங்கியவுடன் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், ஒரு மலையும் அதன் பின்னால் சூரியனும் முன்னால் இரண்டு தென்னை மரங்களும் கொண்ட காட்சியை வரைய உட்காருவதுதான். வானத்துக்கு நீலம் பூசி முடிப்பதற்குள் மலையின் பச்சை அதற்குள் கசிந்துவிடும்; கசிந்ததைத் துடைக்கப் போனால் தாள் நைந்து திரிதிரியாக எழும்பும்; கடைசியில் எல்லாம் கலந்து சேற்று நிறமாக நிற்கும். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு பெட்டி பரணுக்குப் போய்விடும். கண் முழுவதும் மலையின் மேலேயே இருந்ததால், தாளின் மேல் நீர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை வரைந்தவர் பார்க்கவே இல்லை என்பதுதான் இதில் உள்ள குறை.

ஆகவே இந்த வழிகாட்டியில் நாம் எதையும் வரையப்போவதில்லை. உள்ளங்கை அளவுத் தாள் துண்டுகளில் நீரையும் நிறத்தையும் விட்டு, அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கப்போகிறோம். விளையாட்டு என்று சொன்னாலும் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் இருப்பதுபோல இதற்கும் ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தாள், நிறம், நீரின் அளவு, காத்திருக்கும் நேரம் ஆகிய நான்கில் மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு நான்காவதை மட்டும் மாற்றினால், எதனால் எது நேர்ந்தது என்பது தெரியும். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் அழகான விபத்து கிடைக்கலாம். அதை மறுபடி வரவழைக்கத்தான் முடியாது.

முதல் படி: தாள், வண்ணம், தூரிகை

செலவைக் குறைக்க வேண்டுமானால் வண்ணத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். தாளில் குறைக்க வேண்டாம். மாணவர் தர வண்ணத்தை நல்ல தாளில் போட்டாலும் நீரின் போக்கைப் படிக்க முடியும். ஆனால் விலையுயர்ந்த வண்ணத்தைச் சாதாரண வரைபடத் தாளில் போட்டால், அது நொடியில் உறிஞ்சப்பட்டுத் திட்டுத்திட்டாக நின்றுவிடும். 300 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, முழுவதும் பருத்தியால் ஆன, கோல்டு பிரஸ் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள். கோல்டு பிரஸ் தாளில் சிறு மேடுபள்ளங்கள் இருக்கும். ஹாட் பிரஸ் வழுவழுப்பாக இருக்கும். ரஃப் எனப்படுவது கரடுமுரடாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மரக்கூழால் ஆன தாளிலும் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஏ4 தாளை மூன்று முறை பாதிபாதியாக மடித்து வெட்டினால் ஏறத்தாழ 10.5 செ.மீ.க்கு 7.4 செ.மீ. அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். பின்பக்கத்தையும் பயன்படுத்தலாம் என்பதால் ஒரு தாளுக்குப் பதினாறு சோதனைகள். ஒவ்வொரு துண்டின் மூலையிலும் பென்சிலால் எண்ணிட்டு, நாளையும் செய்ததையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பேனாவால் எழுதினால் மை கரைந்து முன்பக்கம் எட்டிப்பார்க்கும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீர்வண்ணத் தாள் நீரை உடனே குடித்துவிடாமல் இருப்பதற்காக, அதன் மேல் ஜெலட்டின் போன்ற ஒரு பொருளைப் பூசியிருப்பார்கள். காற்றின் ஈரம் மாதக்கணக்கில் படும் அலமாரியில் தாள் கிடந்தால் இந்தப் பூச்சு கெட்டுப்போகும். பழைய தாளில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்துப்போல் சிறிது நேரம் நின்றால் தாள் நன்றாக இருக்கிறது. மையுறிஞ்சும் தாள்போல் உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் அதைப் பென்சில் வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

வண்ணத்தில் தொடக்கத்துக்கு மூன்று போதும்: அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா எனப்படும் செங்காவி. நீர்வண்ணம் என்பது அரைத்த நிறமியை வேல மர இனத்தின் பிசினில் குழைத்தது. பல நிறுவனங்கள் ஈரம் காக்கத் தேன் அல்லது கிளிசரினும் சேர்க்கின்றன. மழைக்காலத்தில் மூடிவைத்த வண்ணத்தட்டில் பூஞ்சை பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், தட்டை நன்றாக உலரவிட்டு மூடுங்கள். காட்மியம், கோபால்ட் என்ற நச்சு உலோகங்களின் பெயர்கள் உள்ள குழாய்களை வைத்திருப்பவர்கள் தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

தூரிகையில் 10ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்றும், ஓர் அங்குலப் பட்டைத் தூரிகை ஒன்றும், மெழுகிலும் உப்பிலும் நாசமானாலும் கவலையில்லாத பழைய தூரிகை ஒன்றும் வேண்டும். கழுவ ஒரு டம்ளர், நல்ல நீருக்கு ஒரு டம்ளர், துடைக்கப் பழைய பனியன் துணி. பனியன் துணி அளவுக்கு நீர் உறிஞ்சுவதைக் கடையில் விற்கும் எந்தத் துணியிலும் நான் கண்டதில்லை.

இரண்டாம் படி: ஈரத்தின் நான்கு நிலைகள்

இந்த ஒரு சோதனையைப் பொறுமையாகச் செய்துவிட்டால் பின்னால் வருபவை எல்லாம் எளிதாகிவிடும். இதற்கே ஒரு மாலை முழுவதையும் கொடுங்கள்.

சன்னலை நோக்கி உட்காருங்கள். வெளிச்சம் தாளின் மேல் சாய்வாக விழுந்து கண்ணுக்குத் திரும்பி வர வேண்டும். எட்டுத் துண்டுகளையும் வரிசையாக வைத்து, பட்டைத் தூரிகையால் எல்லாவற்றிலும் ஒரே அளவு நல்ல நீரை விரைவாகப் பூசுங்கள். இப்போது நீர் தாளின் மேல் தேங்கி நிற்கிறது. தாளைச் சாய்த்தால் ஒரு மூலைக்கு ஓடுகிறது. இதைக் குளநிலை என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் ஓட்டம் நின்று, தாள் முழுவதும் எண்ணெய் தடவிய தோசைக்கல்போல ஒரே சீராக மின்னும். இது பளபளப்பு நிலை. பிறகு அந்த மினுமினுப்பு ஓரங்களிலிருந்து மெல்ல அணையத் தொடங்கும். தாள் பார்க்க மங்கலாக இருந்தாலும் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். இது மங்கும் நிலை. அந்தக் குளிர்ச்சியும் போனால் உலர்நிலை.

முதல் துண்டில் உடனேயும், அடுத்ததில் அரை நிமிடம் கழித்தும், அதற்கடுத்ததில் இன்னும் அரை நிமிடம் கழித்தும் என்று எட்டுத் துண்டுகளிலும், வட்டத் தூரிகையில் எடுத்த அல்ட்ராமரின் நீலத்தால் ஒரே ஒரு தொடுதல் வையுங்கள். குளநிலையில் நிறம் புகைபோலக் கலைந்து எங்கும் பரவி, உலர்ந்தபின் வெளிறிப்போகும். பளபளப்பு நிலையில் இறகின் ஓரம்போல மென்மையாக விரிந்து ஓரிடத்தில் நிற்கும். மழை மேகங்கள் வரைபவர்கள் காத்திருப்பது இந்தக் கணத்துக்காகத்தான். மங்கும் நிலையில் தொட்ட வடிவம் கலையாமல், விளிம்பு மட்டும் மெலிதாக மங்கியிருக்கும். உலர்நிலையில் விளிம்பு கத்தரித்ததுபோல் இருக்கும்.

நேரக் கணக்கை மனப்பாடம் செய்யாதீர்கள். மே மாதத்தில் மின்விசிறியின் கீழ் இரண்டு மூன்று நிமிடங்களில் அணைந்துவிடும் பளபளப்பு, ஐப்பசி மழையில் அதைப்போலப் பல மடங்கு நேரம் நிற்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு மினுமினுப்பைப் பார்க்கப் பழகியவருக்கு எந்த ஊரிலும் எந்தப் பருவத்திலும் கணக்குத் தப்பாது.

இதே சோதனையை மறுநாள் தூரிகையின் ஈரத்தை மட்டும் மாற்றிச் செய்யுங்கள். எட்டுத் துண்டுகளிலும் தாள் மங்கும் நிலைக்கு வரும்வரை காத்திருந்து, முதலில் நீர் சொட்டும் தூரிகையாலும், பிறகு ஒரு முறை துணியில் ஒற்றிய தூரிகையாலும், பிறகு நன்றாகப் பிழிந்த தூரிகையாலும் தொட்டுக்கொண்டே போங்கள். நீர் சொட்டும் தூரிகை தாளுக்குள் நீரைத் தள்ளுகிறது. பிழிந்த தூரிகை தாளிலிருந்து நீரை இழுக்கிறது. ஈரம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் போகிறது, போகும்போது நிறமியைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. நீர்வண்ணத்தில் மாயம்போலத் தோன்றுவனவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

தாளில் விழுந்த நிறச்சொட்டு உலரும்போது அதன் விளிம்பு மட்டும் கோடு போட்டதுபோல் அடர்ந்து நிற்பதும் இதன் தொடர்ச்சிதான். மேசையில் சிந்திய காப்பி காயும்போது வளையமாகக் காய்வதை எல்லோரும் பார்த்திருப்போம். சொட்டின் விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடுகிறது. ஓடும் நீர் துகள்களை அங்கே கொண்டுபோய்க் குவிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதை அறிவியல் முறையில் விளக்கினார்கள். ஒரு துண்டில் அரை ரூபாய் நாணய அளவுக்கு ஐந்தாறு சொட்டுகளை வைத்துவிட்டுத் தொடாமல் உலரவிடுங்கள். காலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை கட்டியிருக்கும்.

மூன்றாம் படி: காலிஃபிளவரை வேண்டுமென்றே வரவழைப்பது

உலர்ந்துகொண்டிருக்கும் பூச்சில் தவறுதலாக ஒரு சொட்டு நீர் விழுந்தால், அது நிறத்தை வெளியே தள்ளிக்கொண்டு விரிந்து, நெளிநெளியான ஓரத்துடன் ஒரு வெளிர்ந்த திட்டாக நிற்கும். அந்த ஓரத்தின் நெளிவினால் ஓவியர்கள் இதைக் காலிஃபிளவர் என்றே சொல்வார்கள். புதிதாகப் பழகுபவர்களை அழவைப்பது இதுதான். ஆகவே முதலிலேயே இதனுடன் நட்பாகிவிடுவது நல்லது.

தாலோ நீலத்தை அடர்த்தியாகப் பூசி, மினுமினுப்பு பாதி அணைந்த கணத்தில் தூரிகையின் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு நல்ல நீரை விடுங்கள். அடுத்த துண்டில் மினுமினுப்பு முழுவதும் அணைந்த பிறகு விடுங்கள். முன்னதில் பெரிய, மெத்தென்ற திட்டும், பின்னதில் சிறிய, கூர்மையான ஓரமுள்ள திட்டும் வரும். பிறகு இதையே அல்ட்ராமரினில் செய்யுங்கள். தாலோவின் துகள்கள் மிக நுண்ணியவை. அவை தாளின் இழைகளைக் கறையாகப் பற்றிக்கொள்வதால் நீர் அவற்றை எளிதில் பெயர்க்க முடியாது. அல்ட்ராமரினின் துகள்கள் பெரியவை என்பதால் நீருடன் கிளம்பிவிடும். உலர்ந்த பிறகு ஈரத் தூரிகையால் நான்கு முறை தேய்த்துத் துணியால் ஒற்றிப் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியும்: ஒன்று ஏறத்தாழத் தாளின் வெண்மைக்கே திரும்பும், மற்றொன்று அசையாது. வெளிச்சமான மேகத்தைப் பின்னால் துடைத்தெடுக்கலாம் என்று நம்பி வானத்துக்குத் தாலோவைப் பூசுபவர்களுக்கு இந்தத் துண்டைக் காட்ட வேண்டும்.

நான்காம் படி: உப்பு

உப்புச் சோதனையை எல்லோரும் காட்டுகிறார்கள்; ஆனால் எப்போது போடுவது என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான் பாதிப் பேருக்கு வெறும் உப்புக் கறையே மிஞ்சுகிறது.

சமையலறையிலிருந்து கல்லுப்பு சிறிதும், தூள் உப்பு சிறிதும் எடுத்து வாருங்கள். இரண்டாம் படியில் பழகிய கண்ணுடன் பளபளப்பு நிலையின் முடிவுக்காகக் காத்திருங்கள். குளநிலையில் போட்டால் உப்பு கரைந்து மறைந்துவிடும். மங்கும் நிலை கடந்து போட்டால் ஒன்றும் நடக்காது. சரியான கணத்தில் போட்ட ஒரு கல்லுப்பைக் குனிந்து பாருங்கள். முதல் சில நொடிகள் எதுவும் இருக்காது. பிறகு கல்லின் அடியில் நிறம் ஆழமாகும். கல் ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. அதன்பின் கரையும் உப்பு நீரைச் சுற்றுப்புறத்துக்குத் தள்ளத் தொடங்க, கல்லைச் சுற்றி வெளிறிய கதிர்கள் ஒவ்வொன்றாக முளைத்து, நுனிகளில் நிறத்தைக் கோலத்தின் ஓரம்போல ஒதுக்கிவைக்கும். இது முடியப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகலாம். அவசரப்பட்டு முடி உலர்த்தும் கருவியைக் காட்டினால் கதிர்கள் பாதியில் நின்றுவிடும். தூள் உப்பில் இதே நிகழ்ச்சி பனித்துளிபோலச் சிறிய அளவில் நடக்கும்.

முழுவதும் உலர்ந்த பிறகு உப்பைச் சுரண்டி எடுத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஒரு பருக்கைகூட மிஞ்சாமல் துடைத்துவிடுங்கள். நான் ஒரு முறை சோம்பலில் உப்போடு ஒரு துண்டைச் சட்டமிட்டு மாட்டிவிட்டேன். கோடையில் அழகாக இருந்தது. மழைக்காலம் வந்ததும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, கண்ணாடிக்குள்ளேயே வியர்த்து, நிறம் கீழே வழிந்திருந்தது. சரியாகத் துடைத்தாலும் தாளில் சிறிது உப்பு ஊறியே இருக்கும் என்பதால், நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய ஓவியத்தில் இந்த முறையைக் கையாள நான் இப்போது தயங்குகிறேன்.

ஐந்தாம் படி: ஸ்பிரிட், சோப்பு, பாலித்தீன்

இவை மூன்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். பளபளப்பு நிலையில் உள்ள அடர்ந்த பூச்சின் மேல், மருந்துக்கடை ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியால் தொட்டு வையுங்கள். ஸ்பிரிட்டில் இருப்பது ஆல்கஹால்; அதன் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பை இழுத்துப் பிடிக்கும் விசை, நீரைவிடக் குறைவு. ஆகவே சுற்றியுள்ள நீர் விலகி ஓடி, மீன் கண்போல ஒரு வெளிறிய வட்டம் திறக்கும். அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் இதே வேலையைச் சற்று மந்தமாகச் செய்யும். கசக்கிய பாலித்தீன் உறையை ஈரப் பூச்சின் மேல் போர்த்தி, மேலே ஒரு புத்தகம் வைத்து மறுநாள் எடுத்தால் பாறைப் பிளவுகள்போலக் கோடுகள் கிடைக்கும். பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும், இதில் கைக்குக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

ஆறாம் படி: மெழுகுக் கோலம்

வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தாளில் பென்சிலால் மிக மெலிதாக ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, மெழுகுவர்த்தியின் முனையை அழுத்திப் பிடித்து, கையெடுக்காமல் ஒரு சிக்குக் கோலம் போடுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு தெரியாது. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் குருட்டாட்டமே இதன் சுவை. பிறகு அல்ட்ராமரினும் செங்காவியும் சேர்ந்த அடர்ந்த கலவையைப் பட்டைத் தூரிகையால் ஒரே வீச்சில் பூசுங்கள். மெழுகு நீரை ஒட்டவிடாததால் கோலம் வெண்மையாக எழுந்து வரும்.

கோல்டு பிரஸ் தாளில் மெழுகு மேடுகளில் மட்டுமே ஒட்டும், பள்ளங்களில் நிறம் இறங்கும். ஆகவே கோடு முழுமையாக இல்லாமல், சிமெண்டுத் தரையில் விரல் வழியாகக் கோலமாவு உதிர்ந்ததுபோலப் பொடிப்பொடியாக வரும். அதே கோலத்தை ஹாட் பிரஸ் தாளில் போட்டால் ஈர அரிசிமாவில் இழைத்த மாக்கோலம்போல நிறைந்த கோடு கிடைக்கும். மெழுகு இருக்கும் இடத்தில் பின்னால் எந்த நிறமும் ஏறாது என்பதை நினைவில் வையுங்கள். எடுக்க வேண்டுமானால் தாள் முற்றிலும் உலர்ந்த பிறகு, மேலும் கீழும் உறிஞ்சு தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கலாம். அப்போதும் சிறிது மெழுகு இழைகளில் தங்கவே செய்யும்.

ஏழாம் படி: இரண்டே நிறங்களில் ஒரு வாரம்

அல்ட்ராமரினையும் செங்காவியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள். நீலமும், ஆரஞ்சின் மங்கிய உறவான செங்காவியும் ஒன்றையொன்று தணித்துச் சாம்பல் நிறமாகின்றன. நீலம் சற்றுக் கூடினால் மழை மேகத்தின் சாம்பல், காவி சற்றுக் கூடினால் காய்ந்த மண்ணின் சாம்பல், நீர் குறைந்தால் ஏறத்தாழக் கறுப்பு.

தட்டில் நன்றாகக் குழைத்துப் பூசுவது ஒரு முறை. இரண்டு நிறங்களையும் தாளின் எதிரெதிர் ஓரங்களில் விட்டு, குளநிலையில் தாளைச் சாய்த்துச் சாய்த்து அவற்றைத் தாங்களாகவே சந்திக்க விடுவது மற்றொரு முறை. இரண்டாவதில் தாளின் பள்ளங்களில் நீலத் துகள்கள் மணல்போல இறங்க, காவி அவற்றைச் சுற்றி ஒளிவட்டமாக நிற்பதைக் காணலாம். அல்ட்ராமரின் இருந்த இடத்தில் தாலோவை வைத்து இதைத் திரும்பச் செய்தால் அந்த மணற்படிவு வராது. சாம்பலும் பச்சையின் பக்கம் சாயும். உலர்ந்தபின் நிறம் எப்போதும் வெளுக்கும் என்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். ஈரத்தில் சரியாகத் தோன்றும் நிறம் உலர்ந்த பிறகு ஒரு படி குறைவாகவே இருக்கும்.

எட்டாம் படி: தோட்டத்திலும் அடுக்களையிலும் கிடைக்கும் நிறங்கள்

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தப் படியிலிருந்தே தொடங்கலாம். ஸ்பிரிட்டை மட்டும் பெரியவர்கள் கையாள வேண்டும்.

பத்துப் பதினைந்து நீலச் சங்குப்பூக்களை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்தால் சற்று நேரத்தில் ஆழ்ந்த நீல நீர் கிடைக்கும். இதை மூன்று துண்டுகளில் பூசி, ஈரமாக இருக்கும்போதே ஒன்றில் எலுமிச்சைச் சாற்றையும், ஒன்றில் சமையல் சோடாக் கரைசலையும் தூரிகையால் தொட்டு வையுங்கள். மூன்றாவதைத் தொடாமல் விடுங்கள். எலுமிச்சை பட்ட இடம் ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்புக்குப் போகும். சோடா பட்ட இடம் பச்சைப் பக்கம் திரும்பும். தொடாமல் விட்ட துண்டு உலரும்போது சற்றுப் பச்சை கலந்த நீலமாக மாறினால் வியக்க வேண்டாம். பல ஓவியத் தாள்களில் அமிலத்தைத் தடுப்பதற்காகச் சுண்ணாம்புப் பொருளான கால்சியம் கார்பனேட் சேர்க்கப்பட்டிருக்கும்; பூவின் சாயம் அதையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது.

மஞ்சள் தூளை நீரில் கரைத்தால் மண்டியாக நிற்கும். அதன் நிறப்பொருள் நீரில் நன்றாகக் கரைவதில்லை. ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவிட்டு மேலே நிற்பதை எடுத்தால், கண்ணைப் பறிக்கும் தெளிந்த மஞ்சள் கிடைக்கும். உலர்ந்தபின் அதன் மேல் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துக் கோடிழுத்தால் கோடு செந்நிறமாகத் தெரியும். ஆலத்தி கரைத்த கைகளுக்கு இது புதிதில்லை.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றைக் கண்ணாடிக் குப்பியில் வினிகருடன் போட்டு ஒரு வாரம் வையுங்கள். வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். பால் சேர்க்காமல் கொதிக்கவைத்த கடுந்தேநீரால் தாளில் எதையாவது கிறுக்கி உலரவிட்டு, அதன் மேல் இந்த இரும்பு நீரைப் பூசினால், வெளிர் பழுப்புக் கோடுகள் நம் கண் முன்னாலேயே கருஞ்சாம்பலாக மாறும். கடுக்காய்ப் பொடியை ஊறவைத்த நீரில் எழுதினால் இன்னும் கறுக்கும். தேநீரிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்புடன் சேர்ந்து கறுப்பாகிறது. கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு வருவதும் இதே வழியில்தான்.

இந்த நிறங்களில் பூவும் மஞ்சளும் வெயிலில் நிற்காதவை. இதைச் சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்ப்பது மேல்: எல்லா நிறங்களையும், கடையில் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரே துண்டில் பட்டைகளாகப் பூசி, நீளவாக்கில் பாதியைக் கனமான அட்டையால் மூடிச் சன்னலில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குழாய்களில் எவை நம்பத்தக்கவை என்பதும் சேர்ந்தே தெரியவரும்.

ஒன்பதாம் படி: கறையிலிருந்து காட்சி

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஓவிய ஆசிரியர், நிலக்காட்சி வரைய முடியாமல் தவிக்கும் மாணவர்களுக்கு ஒரு வழி சொன்னார்: தாளைக் கசக்கிப் பிரித்து, பெரிய தூரிகையால் அதில் கறைகளை வீசிப் போட்டு, அந்தக் கறைகளுக்குள் மலையையும் மரத்தையும் தேடுவது. அதையே நாமும் செய்யலாம். சென்ற படிகளில் சேர்ந்த துண்டுகளில் எதுவும் உருப்படாததாகத் தோன்றும் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் காலிஃபிளவராக இருந்தது தலைகீழாகத் திருப்பினால் புளியமரமாக இருக்கும். எதாவது தட்டுப்பட்டால், மூன்றே மூன்று கோடுகளால் மட்டும் அதை வெளியே கொண்டுவாருங்கள்: ஒரு அடிமரம், ஒரு தொடுவானம், ஒரு மனித உருவம் என்று. நான்காவது கோட்டுக்குக் கை பரபரக்கும். அப்போது தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள்.

பத்தாம் படி: ஓவியத்தை நீரில் முக்குவது

இது துணிச்சல்காரர்களுக்கு. 1903இல் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்திருந்தபோது, அவர்கள் தாளை நனைத்துக் கையாளும் விதத்தைப் பார்த்த வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் ஒரு படி மேலே போய், வரைந்த ஓவியத்தையே நீரில் முழுவதுமாக முக்கி எடுத்தார். வங்காள வாஷ் முறை இப்படி வளர்ந்தது. அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவரும் அவர்தான்.

பருத்தித் தாளில் மட்டுமே இது நடக்கும். ஏ5 அளவுத் தாளில் சென்ற படியின் கறைக் காட்சிகளில் ஒன்றைப் பெரிதாக்கி, வேண்டியதைவிட இரண்டு மடங்கு அடர்த்தியாக வண்ணம் தீட்டுங்கள். குறைந்தது ஒரு முழு நாள் உலரவிடுங்கள். உலர்ந்த வண்ணம் தாளைப் பிடித்துக்கொள்ள இந்த நேரம் வேண்டும். பிறகு அகலமான தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர் நிரப்பி, தாளை ஒரு விளிம்பிலிருந்து மெல்லச் சாய்த்து இறக்கி, முகம் மேலாக ஓரிரு நிமிடங்கள் விட்டுவிடுங்கள். பற்றிக்கொள்ளாத நிறமெல்லாம் புகைபோலக் கிளம்பும். பதற வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். தாளை இரு மூலைகளிலும் பிடித்துத் தூக்கி, நீரை வடித்து, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பலகையின் மேல் படுக்கவையுங்கள்; பனியன் துணியால் மேலே ஒற்றி எடுங்கள்.

கோடுகள் மங்கி, நிறங்கள் ஒரே பனிக்குள் நிற்பதுபோல் இருக்கும் இந்தக் கட்டத்தில், தாள் பளபளப்பு நிலையில் இருக்கும்போதே, மிகவும் நீர்த்த ஒரு நிறத்தைப் பட்டைத் தூரிகையால் தாள் முழுவதும் ஓட்டுங்கள். மாலை வேளை வேண்டுமானால் செங்காவி, விடியல் வேண்டுமானால் நீலம். மங்கும் நிலைக்கு வந்ததும், பிழிந்த தூரிகையால் வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் இழுத்தெடுங்கள். உலரவிட்டு, தேவையான இடங்களில் மட்டும் மறுபடி அடர்த்தியாக்கி, மறுபடி முக்குங்கள். அல்ட்ராமரின் ஒவ்வொரு முக்கலிலும் இளைத்துக்கொண்டே போகும், தாலோ அப்படியே நிற்கும் என்பது மூன்றாம் படியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதால், எதை எவ்வளவு கூடுதலாகப் போட வேண்டும் என்று இப்போது நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மூன்று முக்கலுக்கு மேல் போக வேண்டுமானால், தாளின் மேற்பரப்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பஞ்சுபோல இழை எழத் தொடங்கியிருந்தால் அதோடு நிறுத்தி, நான்கு ஓரங்களிலும் பசைநாடாவால் பலகையில் ஒட்டி, விசிறிக் காற்று நேரே படாத நிழலில் உலரவிடுங்கள்.